ஜெப ஊழியர்களுக்கு ஒரு பக்க விதிமுறை: எதை எங்கே நிறுத்துவது?

சபைச்செயலர் (கேள்வி):

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென்மாவட்டத்தில் நடுத்தரமான ஒரு சபை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெப அறை, வாரத்தில் மூன்று நாள் இல்லச் சந்திப்பு, ஒரு ஜெபத் தொலைபேசி, மாதம் ஒரு முறை மூன்று நாள் உபவாசக் கூடுகை. இவற்றில் நிற்பவர்கள் 14 பேர். ஓய்வு பெற்ற டீச்சர், மளிகைக்கடைக்காரர், தையல் வேலை செய்யும் சகோதரிகள், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர். யாருக்கும் மருத்துவப் படிப்போ மனநலப் படிப்போ கிடையாது. வருகிறவர்களோ தூக்கமில்லை, மகன் தனியாகப் பேசுகிறான், வீட்டுக்காரர் அடிக்கிறார், சாகலாம் போல இருக்கிறது என்று எல்லாவற்றோடும் வருகிறார்கள்.

கமிட்டியில் வைக்க ஒரு பக்க விதிமுறை எழுத வேண்டும். எனக்குத் தெளிவில்லாதவை:

1. "கவுன்சலர்" என்று அடையாள அட்டை போடலாமா?
2. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டால் என்ன பதில்?
3. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கலாமா?
4. தற்கொலை எண்ணம் தெரிந்தால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது?
5. உபவாசக் கூடுகைக்கு மனநிலை சரியில்லாதவர்களைக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?

பொதுவான அறிவுரை வேண்டாம், அது கையில் நிறைய இருக்கிறது. என்ன செய்வது, ஏன் என்று சொல்லுங்கள்.

மனநலச் செவிலி:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஜெபக்குழுவால் பெரிய கேடு நடக்கிற இடம் அதுதான். விதி ஒரே வரி: மாத்திரையைத் தொடங்கு, நிறுத்து, குறை, பாதியாக உடைத்துப் போடு என்று எந்த ஊழியரும் சொல்லக் கூடாது. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று ஜாடையாகச் சொல்வதும் இதில் அடங்கும். கேட்கிறவர் காதில் அது "நிறுத்து" என்றுதான் விழும்.

இது ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது என்று உங்கள் 14 பேருக்கும் புரிய வேண்டும். மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நிறுத்தியதும் முதலில் போவது பக்கவிளைவு. தூக்கக் கலக்கம், கை இறுக்கம், வாயில் எச்சில் வடிவது எல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். ஆள் பளிச்சென்று இருப்பார். சபையில் சாட்சி சொல்வார். நோய் திரும்புவதற்கோ சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அப்போது சாட்சியையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, "பின்வாங்கிப் போனான்" என்று முடித்துவிடுவார்கள். மனச்சோர்வு மாத்திரையில் கதை தலைகீழ். வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று வந்து நிற்பவரிடம் "டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்க, அதுக்கு முன்னாடி முடியலைன்னா அவரையே போய்க் கேளுங்க" என்று மட்டும் சொன்னால் போதும்.

தூக்க மாத்திரை வகையையும் வலிப்பு மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இதில் பேச்சுக்கே இடமில்லை.

உபவாசம். யாரையும் உபவாசத்தில் உட்காரவைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்களா? மனநல மாத்திரை எடுக்கிறீர்களா, அதில் லித்தியம் இருக்கிறதா? கர்ப்பமா, அல்லது பால் கொடுக்கும் தாயா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், உடம்பு நடுங்கும், சம்பந்தமில்லாமல் பேசுவார். கூடுகை நடுவில் இதைப் பார்த்தால் ஆவி இறங்கிவிட்டது என்றுதான் தோன்றும். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. லித்தியம் சாப்பிடுகிறவருக்குத் தண்ணீரும் உப்பும் குறைந்தால் மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பெரிதாக நடுங்குவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல் தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

குடிகாரரைக் கூடுகையில் வைத்து விடுவிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், காய்ச்சல், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணில் தெரிவது, இடம் தெரியாமல் திமிறுவது. இது உயிரைக் குடிக்கக்கூடிய நிலை. உங்கள் கூடுகை சரியாக மூன்று நாள் என்பதைக் கவனியுங்கள்! குடியை நிறுத்துவது ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். திரும்பி வந்த பிறகு தினமும் கூட உட்கார ஆள் வேண்டும். அதுதான் உங்கள் வேலை.

பிரசவமாகி முதல் சில வாரத்துக்குள் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சொன்னால் அது அவசரம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஜெபக்கூட்டம் வரை காத்திருக்காதீர்கள்.

நான்காவது கேள்வி, தற்கொலை எண்ணம். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு நினைப்பு வருதாம்மா?" கேட்டால் எண்ணம் புகுந்துவிடும் என்பது தவறான பயம். கேட்டதும் பெரும்பாலோர் மூச்சு விடுவார்கள். "வருது" என்றால் அடுத்து மூன்று கேள்வி. எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா. முன்னால் ஒருமுறை முயன்றிருக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழியும் பொருளும் தயாராக இருந்தால் அந்த ஆளை ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது, கழிவறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும். வீட்டில் ஒருவரை வரவழையுங்கள். பூச்சிமருந்து, மாத்திரைக் குவியல் எதுவானாலும் வீட்டைவிட்டே வெளியே போக வேண்டும். பிறகு 108 அல்லது அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. இது எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே கூட இருப்பவர் ஜெபிக்கலாம்.

எண்ணம் மட்டும்தான், திட்டம் எதுவும் இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து 14416 டயல் செய்து போனை அவர் கையில் கொடுங்கள். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பினால் பேசமாட்டார்கள். இரண்டு நாளுக்குள் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். மறுநாள் காலையில் யார் போன் செய்து விசாரிப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108. குடித்த டப்பாவையோ அட்டையையோ கையோடு கொண்டு போங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

"தற்கொலை பாவம், நரகத்துக்குப் போவாய்" என்ற வசனப் பேச்சு அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். கேட்டவர் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

வழக்கறிஞர்_தென்பாண்டி:

செவிலியம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று குடும்பத்தார் தயங்குவார்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், விசாரிப்பார்கள். அதோடு சரி.

முதல் கேள்வி. "கவுன்சலர்", "தெரபிஸ்ட்" எதுவும் அட்டையில் வேண்டாம். "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். "கவுன்சலர்" என்ற சொல்லுக்கு அந்த அளவு வேலி இதுவரை கிடையாது என்று யாராவது வாதாடுவார்கள். வாதம் சரிதான். ஆனால் அட்டையைப் பார்த்து நம்பி வந்தவருக்குக் கேடு நடந்தால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக முதலில் காட்டப்படுவது அந்த அட்டைதான். "ஜெப ஊழியர்" என்று போடுங்கள். முதல் சந்திப்பில் வாயாலும் சொல்ல வேண்டும்: "நான் டாக்டர் இல்லை, படித்த ஆலோசகரும் இல்லை. உங்களோடு உட்கார்ந்து கேட்பேன், ஜெபிப்பேன், வேண்டுமானால் சரியான இடத்துக்குக் கூட்டிப் போவேன்."

மூன்றாவது கேள்வி. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கைக் கொடுக்கவே கூடாது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே, கணவன் மனைவிக்கு நடுவே நடந்த பேச்சுக்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. மத ஊழியருக்கு அப்படி ஒன்று எழுதப்படவில்லை. பழைய 1872 சட்டத்திலும் இல்லை, அதற்குப் பதிலாக வந்த 2023 சட்டத்திலும் இல்லை. கத்தோலிக்கக் குருவின் பாவசங்கீர்த்தன முத்திரை (பாவ அறிக்கையை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு) திருச்சபைச் சட்டத்தில் உள்ளது, அது வேறு விஷயம். உங்கள் ஆட்கள் சொல்ல வேண்டியது: "உங்கள் பேச்சை ஊரில் பேசமாட்டேன். ஆனால் உயிருக்கு ஆபத்து, பிள்ளைகளுக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, இந்த மூன்றிலும் நான் பேசியாக வேண்டும்." ஒருவர் கதையைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு சொன்னால் அது துரோகம் போலத்தான் தெரியும்.

பிள்ளைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் 2012. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கப்போகிறது என்று அஞ்ச இடம் இருந்தாலும், 19-ஆம் பிரிவுப்படி சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ ஊழியத்திலோ உள்ளவர் அங்கே உள்ள பிள்ளையிடம் குற்றம் செய்தால் அது கடுமையாக்கப்பட்ட குற்றம், தண்டனை கூடும். "மூப்பர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டோம்" என்பது போக்சோவில் செல்லாது. அது மறைத்ததற்கான சாட்சியாகத்தான் திரும்பும்.

பிள்ளை சொல்லத் தொடங்கினால் ஒரே ஒரு முறை கேளுங்கள். "அவர் இங்கே தொட்டாரா?" என்று நீங்களாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. "அப்புறம் என்னாச்சு?" போதும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதித் தேதி, நேரம், கையெழுத்து. போதகர் ஒரு தரம், போதகரம்மா ஒரு தரம், கமிட்டி ஒரு தரம் என்று திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளையும் வாடும், வழக்கும் கெடும். குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், அது காவல்துறையின் வேலை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் அடுத்தது என்ன என்று வழி சொல்வார்கள். அண்மையில் நடந்ததென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக முதல் 72 மணி நேரம் முக்கியம். தடயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கருத்தடை மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் அதுதான் கெடு.

ஐந்தாவது கேள்விக்கு நேரான பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. மனநோய் உள்ளவரைக் கவனிப்புக்காகத் தங்கவைக்கும் இடம் எதுவானாலும், குடும்ப வீட்டைத் தவிர, 2017 சட்டப்படி பதிவு பெற்ற மனநல நிலையமாக இருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்ப என்றால் 5 லட்சம் வரை. காணிக்கை வாங்கவில்லை, ஜெபம் மட்டும்தான் செய்தோம் என்பது பதிலாகாது. 95-ஆம் பிரிவு சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. கயிறாகவோ சேலையாகவோ இருந்தால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம், சட்டவிரோதமாக அடைத்துவைத்த வழக்கு தனியே வரும்.

நோட்டீஸில் "வலிப்பு, சர்க்கரை, புற்றுநோய் குணமாகும்" என்று அச்சடித்து ஜெப எண்ணெயோ துணியோ கொடுக்கிற சபைகள் 1954-ஆம் ஆண்டின் மந்திர வைத்திய விளம்பரத் தடைச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இந்த நோய்கள் எல்லாம் பெயரோடு இருக்கின்றன.

ராம்நாட்டான்:

சபைகளின் திரியில் ஒரு முஸ்லிம் நுழைகிறேன், மன்னிக்கவும். ஐந்தாவது கேள்வி எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தைத் தொடாமல் போகாது. மனநோயாளிகள் குணம் தேடி வரும் தர்கா உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்த ஓலைக் கொட்டகையில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அது தர்கா நடத்திய இடமல்ல. தர்காவுக்கு வந்த நோயாளிகளைத் தங்கவைத்துக் காசு பார்த்த தனியார் காப்பகம். கொண்டுவந்து விட்ட குடும்பத்தாரில் யாரும் அவர்கள் சாகட்டும் என்று விடவில்லை, துஆ (பிரார்த்தனை) பலிக்கும் என்று நம்பித்தான் விட்டார்கள்.

பிறகு அங்கேயே "தவா–துஆ", அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற ஏற்பாடு வந்தது. ஜியாரத்துக்கு (தர்கா தரிசனத்துக்கு) வருகிறவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரின் மருந்தும் உண்டு, துஆவும் உண்டு. துஆவை விடு என்று யாரும் சொல்லவில்லை. தர்காவில் நம்பிக்கைக்குரியவரே "மருந்தையும் வாங்கிக்கோ" என்று சொன்னால் கேட்கிறார்கள், டாக்டர் மட்டும் சொன்னால் கேட்பதில்லை. சபையில் உங்கள் பாஸ்டர் வாயிலிருந்தும் அந்த ஒரு சொல் வர வேண்டும்.

அக்கினி_வாலிபன்:

எல்லாம் சரி, ஆனால் இப்படியே போனால் ஜெபிக்கிறதுக்கே படிவம் நிரப்பச் சொல்வீர்கள் போலிருக்கிறது. அப்போஸ்தலர்கள் யாரிடம் லைசென்ஸ் வாங்கினார்கள்? பிசாசின் கிரியை ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல வருகிறீர்களா? வரம் பெற்ற ஊழியரைக் சட்டமும் விதிமுறையும் வைத்துக் கட்டினால் ஊழியம் செத்துப்போகும்.

ஊழியப்பயிற்சி_மாமா:

தம்பி, பிசாசு உண்டா இல்லையா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. இது நோயா பிசாசா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். டாக்டர் பார்த்த பிறகும் ஜெபிக்கலாம். அதனால் ஜெபம் ஒன்றும் குறைந்துவிடாது. யாக்கோபு 5:14-ஐ நிதானமாக வாசியுங்கள். "மூப்பர்களை" வரவழைக்கச் சொல்கிறது, மூப்பரை அல்ல. வரவழைக்கிறவன் வியாதிக்காரன், நீங்களாகப் போய்க் கையை வைக்கவில்லை. மாற்கு 6:7-இல் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். செயலர் கேட்கிற விதிமுறையில் பாதி அங்கேயே எழுதியாயிற்று.

இனி வேலைக்கான விவரம்.

சந்திப்புக்கு எப்போதும் இரண்டு பேர். பெண்ணைப் பார்க்கப் போனால் இருவரில் ஒருவராவது பெண். புருஷனும் மனைவியுமாகப் போவது நல்லது. பகல் 9 முதல் மாலை 6 வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நேரம் நீண்டால் ஆழமாகப் போகிறோம் என்று ஊழியருக்குத் தோன்றும். எதிரே இருப்பவரோ களைத்து, மறுநாள் வெட்கப்படுகிற அளவுக்குச் சொல்லியிருப்பார். ஒரே பிரச்சினைக்கு மூன்று முறை போன பிறகும் நிலைமை அப்படியே இருந்தால் போதகரிடம் கொண்டுவந்து, வேறு யாரிடம் அனுப்புவது என்று பேச வேண்டும். நான்காவது முறை தானாகப் போகக் கூடாது.

ஜெப அறைக் கதவில் கண்ணாடி பதியுங்கள். ஆயிரம் ரூபாய் செலவில் தீரும் பல வழக்குகள் கதவில் கண்ணாடி இல்லாததால்தான் வருகின்றன. கை வைக்கும் முன் "தலையில் கை வைக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். நெற்றி, தலை, தோள், அதற்கு மேல் இல்லை. எண்ணெய் நெற்றியில் மட்டும். பெண்களுக்குப் பெண்கள். தள்ளுவது, அடிப்பது, முடியைப் பிடிப்பது, மிளகாய்ப் புகை, கண்ணில் எதையாவது ஊற்றுவது இவை எதற்கும் ஜெபம் என்று பெயர் கிடையாது. பிள்ளைகளோடு தனியே ஒருபோதும் வேண்டாம், பெற்றவர் கண் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெற்றவர் மேலேயே சந்தேகம் என்றால் உங்கள் பேச்சை அங்கே நிறுத்திவிட்டு வக்கீல் சொன்ன வழி.

தொலைபேசி சபையினுடையது, ஊழியருடையதல்ல. காலை 7 முதல் இரவு 9 வரை, முறை வைத்து. 9-க்குப் பிறகு 14416, 108, 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி) எண்களோடு தானாகப் போகும் ஒரு வாட்ஸ்அப் செய்தி. இரவு 11 மணிக்கு ஒரு ஊழியரின் சொந்த எண்ணுக்கு ஒரே ஆள் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அழைத்தால் ஊழியர் அதை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலான தவறுகளுக்கு ஆரம்பம் கெட்ட எண்ணம் அல்ல. "என்னை விட்டால் இவருக்கு யாருமில்லை" என்ற நினைப்புதான்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பரவுவது நம் சபைகளின் பழைய வியாதி. வாட்ஸ்அப் குழுவில் "ஒரு சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக" போதும். தெருப்பெயர், பிள்ளைகள் எண்ணிக்கை, வீட்டுக்காரர் வேலை என்று போட்டால் பெயரே வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்துவிடும். மனநோயிலிருந்து சுகமான சாட்சியை மேடையிலும் யூடியூபிலும் ஏற்ற வேண்டாம். செவிலி சொன்ன அந்தச் சில மாதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். திருமண வயதுப் பிள்ளையின் முகம் வீடியோவில் நின்றுவிட்டால் வரன் பேசும்போது அதுதான் முதலில் வரும்.

பணம்: ஊழியரின் சொந்த ஜிபேக்கு ஒரு ரூபாயும் வரக் கூடாது. சந்திப்புக்குப் போன வீட்டில் கடன் வாங்குவதும் கொடுப்பதும் இல்லை. நகையோ பத்திரமோ "பத்திரமா வச்சிருங்க" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். காணிக்கை என்றால் சபைப் பெட்டி, ரசீது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், பூட்டிய அலமாரியில். தேதி, யார் யார் போனது, எதற்காக, எங்கே அனுப்பினோம், யார் திரும்ப விசாரிப்பது. ஐந்து வரி. ஒருவர் அறிக்கை செய்த பாவத்தை அதில் எழுத வேண்டாம்.

தையல்மெஷின்_அக்கா:

ஆண்கள் யாரும் வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. கேள்வியிலேயே இருக்கிறது, பதிலில் இல்லை! 

அடி உள்ள வீட்டில் கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்து ஒப்புரவு ஜெபம் செய்யாதீர்கள். அவன் எதிரே அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் போன பிறகு கணக்குத் தீர்ப்பான். அவளைத் தனியே, பெண் ஊழியர் கேட்க வேண்டும். "அடங்கியிரு, மாறுவான்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. புறப்படு என்று நீங்களாக முடிவெடுக்கவும் உரிமை இல்லை, ஏனென்றால் வீட்டைவிட்டு வெளியேறுகிற நேரம்தான் பெரிய ஆபத்து. 181 எண், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர், சகி என்னும் ஒன் ஸ்டாப் சென்டர், இந்த மூன்றையும் சொல்லுங்கள். அந்த மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம், மருத்துவமும் சட்ட உதவியும் அங்கேயே கிடைக்கும். அவளை ஒரு ஊழியர் வீட்டில் தங்கவைத்தால் இரவோடு இரவாக அந்த வாசலில் வந்து நிற்பான், ஊர் அதற்கும் ஒரு கதை கட்டும். எண்ணை அவள் போனில் வேறு பெயரில் பதிந்து கொடுங்கள், போனை அவன் பார்ப்பான்.

இன்னொன்று, கூட்டத்தில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் ஸ்பூனை வைப்பது, நாலு பேர் ஏறி அமுக்குவது எதுவும் வேண்டாம். தலைக்குக் கீழே துணி, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பது, கடிகாரம் பார்ப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், நின்று மறுபடி வந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும் 108.

சபைச்செயலர்:

எல்லாருக்கும் நன்றி. தம்பிக்கும்தான், அந்தக் கேள்வி கமிட்டியிலும் வரும். இரண்டு சந்தேகம் மீதி. ஒன்று, டாக்டரிடம் போக மறுக்கிறவரை எப்படி அனுப்புவது? இரண்டு, கூடுகை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரை விட்டுவிட்டுக் குடும்பத்தார் ஓடிவிட்டால்?

மனநலச் செவிலி:

"உங்களுக்கு மனநோய்" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். அவருக்கே தொல்லையாக இருப்பது எது என்று பாருங்கள், தூக்கமின்மையோ தலைவலியோ படபடப்போ. "தூக்கத்துக்கு ஒரு தரம் காட்டுவோம், நானும் வர்றேன்" என்றால் எழுந்து வருவார். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல வெளிநோயாளர் பிரிவு உண்டு, மருந்து இலவசம். பழைய சீட்டு, மருந்து அட்டை, ஆதார், வீட்டிலிருந்து ஒருவர், இவற்றோடு காலையிலேயே போங்கள். முதல் தடவை ஊழியர் கூட உட்கார்ந்தால் போதும், டாக்டர் அறைக்குள் அவர் கூப்பிட்டால் மட்டும். அனுமதிக்க வேண்டியிருந்தால் கையெழுத்துப் போடுவது அவரோ குடும்பத்தாரோ, ஊழியர் அல்ல. மாதாந்திர ஊசி போடுகிறவர் என்றால் அந்தத் தேதியை உங்கள் நோட்டில் குறித்துவைத்து முந்தின நாள் நினைவுபடுத்துங்கள். அந்த ஒரு போன் எத்தனையோ பேரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேராமல் காப்பாற்றும்.

வழக்கறிஞர்_தென்பாண்டி:

ஓடிவிட்டால் முதலில் அவர்களுக்கு போன். இரண்டு பேர் கூட இருக்கட்டும், உணவு, தண்ணீர், வழக்கமான மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரு மணி நேரத்தில் வரவில்லையென்றால் காவல் நிலையம், அல்லது 112. ஆதரவின்றி விடப்பட்ட மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி காவல்துறையின் கடமை. அழைத்த நேரத்தையும் பேசியவர் பதவியையும் நோட்டில் எழுதுங்கள். நிலையத்தில் அலட்சியம் செய்தால் 108-ஐ அழைத்து நேராக ஆஸ்பத்திரிக்கு. இரவு அங்கேயே படுக்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று மட்டும் விடாதீர்கள்.

கமிட்டிக்கு முன்னால் ஒரு வேலை செய்துவிடுங்கள் செயலர் ஐயா. உபவாசக் கூடத்தில் தூங்கும் அறைகளுக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள் இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.